இரண்டு குனே, ஐந்து குனா

ஒன்றுக்கு மேல்: குரோஷிய மொழியில் பன்மை – 6

போன வாரம் ஓரசை ஆண்பால் சொற்கள் பன்மையில் 'ஓவி' ஏற்பதைப் பார்த்தோம். கிராட் (நகரம்) கிராடொவி ஆகும். தான் (நாள்) மட்டும் அடம்பிடித்து தானி ஆகும். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் குழந்தை, சகோதரன் என்ற சொற்களின் விநோதப் பன்மையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் மூன்று நாணயங்கள் குறுக்கே வந்துவிட்டன.

2023 ஜனவரி 1-ல் யூரோவுக்கு மாறும்வரை குரோஷியாவின் பணம் குனா. 1994 மே 30-ல் புழக்கத்துக்கு வந்தது. குனா என்பது கீரிபோல நீண்ட உடலும் அடர்ந்த மயிரும் கொண்ட காட்டு விலங்கு. இடைக்காலத்தில் அதன் தோலையே வரியாகக் கட்டியிருக்கிறார்கள். நாணயத்தில் எண்ணோடு அதுவும் ஓடும். மறுபக்கம் 1-ல் நைட்டிங்கேல், 2-ல் சூரை மீன், 5-ல் பழுப்புக் கரடி. ஒற்றைப்படை ஆண்டில் அச்சடித்த காசில் அந்த உயிரின் பெயர் குரோஷிய மொழியில் இருக்கும், இரட்டைப்படை ஆண்டில் லத்தீனில்!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது எண்ணோடு வரும் பணத்தின் பெயர்தான். 1 குனா. 2 குனே. 5 குனா. நாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று மாற்றமில்லாமல் எண்ணிப் போகிறோம். அங்கே 2, 3, 4 மூன்றுக்கும் குனே. 5 முதல் 20 வரை ஆறாம் வேற்றுமைப் பன்மை. 'குனாக்களின் ஐந்து' என்பதுபோல. 21 வந்தால் மறுபடி ஒருமை, 22-ல் மறுபடி குனே. கடைசி இலக்கம்தான் ஆட்டி வைக்கிறது. 11 முதல் 14 வரை மட்டும் அதற்கு அடங்காது.

அப்படியானால் 1-லும் 5-லும் ஒரே சொல்லா? எழுத்தில் ஆம், ஒலியில் இல்லை. இலக்கணம் சொல்லும் உச்சரிப்பில் ஒன்றின் ஈற்று அகரம் குறில், ஐந்தின் ஈறு நெடில். குரோஷியர்கள் அன்றாட எழுத்தில் இந்த நீளத்தைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்தில் குன, குனா என்று எழுதினால் விஷயம் முடிந்தது!

இந்த நெடிலுக்காக 19-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அடோல்ஃபோ வெபெர் ட்கால்செவிச் தலைமையிலான ஸாக்ரெப் மொழியறிஞர்கள், ஆறாம் வேற்றுமைப் பன்மையைப் பிரித்துக் காட்ட ஈற்றில் ஒரு ஹகரம் சேர்த்தார்கள். பெண் ஷெனா, பெண்களின் ஷெனாஹ். எதிரணி அவர்களுக்கு 'அஹாவ்த்ஸி' என்று பட்டப்பெயரே வைத்தது. ஆஹ், ஆஹ் என்று எழுதுகிறவர்கள் என்று கேலி. பேச்சில் கேட்காத எழுத்து எதற்கு என்பது வாதம். நூற்றாண்டு முடிவதற்குள் செர்பிய மொழிச் சீர்திருத்தவாதி வூக் கராஜிச்சின் வழிவந்தவர்கள் வென்றார்கள். தோமிஸ்லாவ் மாரெடிச்சின் 1899 இலக்கணம் அந்த வெற்றியை உறுதிப்படுத்தியது. ஹகரம் போயிற்று. ஸாக்ரெப் அணி வென்றிருந்தால் ஐந்து குனாக் காசில் 'குனாஹ்' என்று பொறித்திருப்பார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காதுக்குத் தெரியும் வேற்றுமை கண்ணுக்கும் தெரியட்டுமே என்றார்கள், அவ்வளவுதானே?

இன்றைய குரோஷிய யூரோவிலும் குனா விலங்கு இருக்கிறது, 1 யூரோ காசில். பேச்சில் எஉரோ, எஉரா என்று சொல் மாறுகிறது. காசில் 1-க்கும் 2-க்கும் ஒரே 'யூரோ'. சில்லறை எண்ணும்போதே இலக்கணம் கண்ணில் பட்ட வசதி போய்விட்டது. இது இழப்புதான்.

குனா நாணயங்களை மத்திய வங்கியில் மாற்றிக்கொள்ள வைத்த கெடு 2025 டிசம்பர் 31. நோட்டுகளுக்குக் கெடு இல்லை. குரோஷியா போய்வந்தவர்கள் வீட்டில் பழைய சில்லறையைத் துழாவிப் பாருங்கள். 1, 2, 5 மூன்றும் கிடைத்தால் வரிசையாக வைத்து வாய்விட்டுப் படியுங்கள், ஐந்தில் மட்டும் கடைசி எழுத்தை நீட்டி. குழந்தையும் சகோதரனும் அடுத்த வாரம்.