டிராக்டருக்கு வில் ஏன் இல்லை?

வில்வண்டி ஆளுக்கு, கட்டைவண்டி பாரத்துக்கு என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. மெல்லிய வில் குலுக்கலைத் தணிக்கும். பாரம் ஏறினால் தாழ்ந்து ஒருபுறம் சாயும். தடித்த வில் பாரத்தைத் தாங்கும், உடம்பை உலுக்கும். கரட்டு நிலத்தில் ஓடும் வாகனம் எதற்கும் இச்சங்கடம் உண்டு.

ஆவடியில் 1965 முதல் செய்யப்பட்ட விஜயந்தா என்னும் இராணுவ டாங்கியில் எஃகு முறுக்குத் தண்டுகளே வில்லாயிருந்தன. அவை எளியவை, ஆயினும் வண்டியின் அடித்தளத்தில் இடத்தை அடைப்பவை. அவ்வூரிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியில் எண்ணெயும் வாயுவும் அடைத்த கலங்கள் உள. அழுந்த அழுந்த வாயு இறுகுவதால் சிறு மேட்டில் மென்மையும் பெரும் பள்ளத்தில் உறுதியும் கிடைக்கும். கசிவு நேராமல் காப்பதோ நுட்பமான வேலை.

இனி நம் வயலுக்கு வருவோம். டிராக்டரின் பின்னச்சில் சாதாரணமாக வில் வைப்பதில்லை. வைத்தால் வண்டி ஏறி இறங்குந்தோறும் அதனுடன் பிணைத்த கலப்பையின் ஆழமும் மாறும். ஆகவே டயரிலுள்ள காற்றும் ஆசனத்தின் வில்லுமே குலுக்கலைத் தாங்க வேண்டியவை. உழவின்போது டயர்க்காற்றை, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் குறைக்கலாம். டயர் அகன்று பதிவதால் மண் இறுகுவதும் குறையும். பாரத்துடன் சாலையில் ஏறுமுன் மறவாது காற்றைக் கூட்டுக. இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். ஆசன வில்லை ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி திருத்துக. நாள்தோறும் குலுங்கும் முதுகெலும்பு பிற்காலத்தில் வருத்தும். வரப்பைக் கடக்கையில் வேகத்தைக் குறைப்பதற்கோ செலவு ஏதுமில்லை.