ஆக்சலாட்டலுக்கு வெந்த கறி வேண்டாம்

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியில் ஒரு துணுக்கை ஆக்சலாட்டல் விழுங்கிவிட்டால் உடனே செத்துப்போய்விடாது. கறி அதற்கு நஞ்சல்ல. ஆனால் அதைத் தீனியாகவே போட்டு வளர்க்கலாமா என்றால், கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ நீர்நிலைகள்தான் இந்த நீர்வாழ் உயிரியின் சொந்த இடம். அங்கே அது புழு, பூச்சிகளின் இளம்புழு, நத்தை, சிறு மீன் என்று பிடித்துத் தின்னும். கோழியோ மாடோ எந்தக் காலத்திலும் அதன் இரை அல்ல.

அது தின்னும் விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். இரை அருகில் அசைந்ததும் சட்டென்று வாயைத் திறக்கும்; சுற்றியிருக்கும் தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபட்டுப் போய்விடும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை இது. அதன் பொடிப் பற்கள் இரை நழுவாமல் பிடிக்க மட்டுமே உதவும், மெல்ல உதவாது. ஆகவே வாய்க்குள் போனது முழுசாகத்தான் வயிற்றுக்கும் போகும். மண்புழு வழவழவென்று வளைந்து இறங்கிவிடும். வேகும்போது நீர் வற்றி, நார் இறுகிப்போன கறித்துண்டு அப்படி இறங்காது. இறங்கினாலும் செரிப்பது கடினம். ஆக்சலாட்டலின் உடல், தொட்டித் தண்ணீர் என்ன குளிர்ச்சியோ அதே குளிர்ச்சியில்தான் இருக்கும். அதற்கு ஏற்ற சூடு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். மாட்டுக்கொழுப்பு உருகவோ 40 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். கொழுப்பைச் சுத்தமாக நீக்கிய கறியிலும் குறை தீராது. தசைக்கறியில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் உண்டு. அதை மட்டுமே தின்று வளரும் பிராணிக்கு எலும்பு பலவீனப்படும். பி1 வைட்டமினிலும் ஒரு பங்கு வேகவைக்கும்போதே போய்விடும்.

இதைவிட அவசரமான ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. தின்னாமல் துப்பிய கறி தொட்டியின் அடியில் ஊறி, நைந்து, அழுகும், அம்மோனியா ஏறும். தலையின் இருபுறமும் இறகுபோல விரிந்திருக்கும் செவுள்களும் மெல்லிய தோலும் அந்தத் தண்ணீரிலேயே எந்நேரமும் தோய்ந்திருக்கின்றன. அம்மோனியா முதலில் புண்ணாக்குவது அவற்றைத்தான்.

ஆய்வுக்கூடங்களில் மாட்டு ஈரலும் இதயமும் போட்டு வளர்க்கவில்லையா என்று கேட்கலாம். வளர்த்தார்கள், பிராணிகள் பிழைக்கவும் செய்தன. ஆனால் அவை பெரும்பாலும் பச்சையாக, மெல்லிய கீற்றாக நறுக்கிப் போடப்பட்டவை. தொட்டியைத் தவறாமல் சுத்தம் செய்ய அங்கே ஆட்கள் இருந்தார்கள். பிழைத்திருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு கேள்வி இன்னும் நியாயமானது: பச்சைக் கறியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்குமே, வேகவைத்தால் அவை சாகுமே? சாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் வெப்பம் கிருமியை அழிக்குமே தவிர, கால்சியத்தைக் கூட்டாது, நாரை இளக்காது. கறி போட்டே தீர வேண்டும் என்றால்தான் பச்சையா வெந்ததா என்ற கேள்வியே எழும். அந்தக் கட்டாயம் யாருக்கும் இல்லை.

பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழு ஒன்றே வளர்ந்த ஆக்சலாட்டலுக்குப் பிரதான உணவாகப் போதும். பெரிய புழுவாக இருந்தால் நறுக்கிக் கொடுக்கலாம். உரக்குழியில் வளரும் செம்புழு கசப்பான திரவத்தைக் கசியவிடுவதால் சில ஆக்சலாட்டல்கள் அதைத் துப்பிவிடும். அப்போது வேறு வகை மண்புழுவைத் தேட வேண்டும். புழு கிடைக்காத நாளில், தண்ணீரில் மூழ்கும் மென்மையான பெல்லட் கைகொடுக்கும். ஏற்கெனவே கறி போட்டாகிவிட்டது என்றால் மிச்சத்தை உடனே எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை, குளோரின் நீக்கிய, அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, கழிவு வெளியேறாமல் தீனியையும் மறுத்தாலோ, நீர்வாழ் பிராணிகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.