பீரோவில் உறங்கும் காமிரா

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அருகே, பட்டரவாக்கம் இரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளது அந்த இல்லம். சில மாதங்களுக்கு முன் அங்கே எண்பத்தொரு வயது மூதாட்டி ஒருவர் ஆண்டவரில் துயில் கொண்டார். உறவினருக்குச் சொல்லியனுப்பி, பங்குக் குருவுக்குத் தெரிவித்து, பெட்டிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து முடித்தபின் மூத்த மகன் கேட்டார்: "அம்மாவின் படம் எங்கே?"

வீடெங்கும் தேடினார்கள். கைபேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பிள்ளைகளின் பிறந்தநாள்கள், மருமகளின் தங்கை திருமணம், வேளாங்கண்ணிப் பயணம், உணவகத்தில் பரிமாறப்பட்ட பிரியாணி கூட இருந்தது. அம்மாவின் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லா விருந்துகளின்போதும் அவர் சமையற்கட்டில் இருந்தார் என்பதே காரணம். கடைசியில் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். அரை மணி நேரத்தில் அந்தச் சிறு முகத்தைப் பெரிதாக்கி, சுருக்கங்களை அகற்றி, கணினியிலேயே பச்சைப் பட்டுச் சேலை உடுத்தி, காதில் கம்மலும் கழுத்தில் சங்கிலியும் அணிவித்து, பின்னால் நீலவானத்தையும் வைத்துக் கொடுத்துவிட்டார். பெட்டியின் தலைமாட்டில் அது வைக்கப்பட்டது. பத்து வயதுப் பேத்தி அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆயா இல்லை" என்றாள். அங்கு நின்றிருந்த எங்களில் எவரும் மறுமொழி சொல்லவில்லை.

அதே வீட்டின் இரும்பு பீரோவில், மடித்த சேலைகளுக்கு அடியில், ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா உறங்கிக்கொண்டிருந்தது. மூத்த பேரனின் புதுநன்மை விழாவுக்கென 2010-ஆம் ஆண்டில் ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது அது. இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டின் செல்லப் பிள்ளையாக இருந்தது. பின்பு நல்ல கைபேசி வந்தது. காமிரா பீரோவுக்குள் போயிற்று. நம் வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் இப்படி ஒன்று உறங்குகிறது என்றே எண்ணுகிறேன். அதைத் தட்டி எழுப்பவே இக்கட்டுரை.

அக்கருவி நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. ஒளியை மின்னாக மாற்றிப் படமாக்கும் சில்லை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் 1969-இல் உருவாக்கினர். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையுள்ளது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 வினாடி பிடித்தது. பிலிம் விற்றே செழித்த கோடாக் தன் வீட்டில் பிறந்த இக்குழந்தையைப் பேணி வளர்க்கத் தயங்கியது. 2012-இல் கடன்காரரிடமிருந்து காப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. நம் உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் அவ்வெள்ளத்தில் கரை சேரவில்லை. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கக் கணக்கின்படி 2010-இல் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. 2020-இல் ஒரு கோடிகூட இல்லை. பிலிமை வீழ்த்திய காமிராவைக் கைபேசி வீழ்த்தியது.

ஆயினும் அந்தச் சிறு காமிராவிடம் உள்ள ஒன்று விலை மலிந்த கைபேசிகள் பலவற்றில் இல்லை. அதுதான் முன்னே நீண்டு வரும் ஜூம் லென்ஸ். ஜூம் இருவகை. கண்ணாடி வில்லைகள் உண்மையாகவே நகர்ந்து தொலைவிலுள்ளதை அருகே கொணர்வது ஒன்று. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது மற்றொன்று. இதற்கு டிஜிட்டல் ஜூம் என்று பெயர். பின்னது புதிதாக எதையும் காண்பதில்லை. செய்தித்தாளின் படத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பது போன்றதே. காமிராவின் அமைப்புப் பட்டியலில் அதை அணைத்துவிடுவது நலம்.

ஜூம் என்றதும் தொலைவிலுள்ள தேரையும் மலையையும் பிடிப்பதற்கே என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் அதன் முதற்பயன் வேறு. ஒருவர் முகத்தை ஒன்றரை அடித் தொலைவிலிருந்து எடுத்தால் மூக்கு பருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் வேறாகத் தோன்றும். இது லென்ஸின் குற்றமன்று, அண்மையின் குற்றம். ஆறேழு அடி தள்ளி நின்று, லென்ஸை மூன்று நான்கு மடங்கு நீட்டி எடுத்துப் பாருங்கள். நாம் அன்றாடம் காணும் அதே முகம் வந்துவிடும். வயது முதிர்ந்தோர்க்கு இதில் இன்னுமொரு வசதி: முகத்துக்கு நேரே யாரும் கருவியை நீட்டவில்லை என்பதால் அவர்கள் கூச்சமின்றித் தம் வேலையில் இருப்பார்கள்.

லென்ஸ் நீள நீள உள்ளே வரும் ஒளி குறையும்; இத்தகைய காமிராக்கள் பலவற்றில் நாலில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆகவே பகல் வெளிச்சம் வரும் சன்னலோரத்தில் அம்மாவை அமரச் செய்யுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரிலோ கதவு நிலையிலோ சாய்ந்து நில்லுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, கருவி முகத்தைக் கண்டுகொண்டதும் மீதியை மெல்ல அழுத்துங்கள். இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்த படம் மணல் தூவியதுபோல் வந்தால் கருவியை நோவதில் பயனில்லை. அதன் ஒளியுணரும் பரப்பு நம் சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கடைக்காரர் பெருமையாகச் சொன்ன மெகாபிக்சல் எண்ணிக்கையும் அதே சிறு பரப்புக்குள் நெருக்கி அடைத்ததுதான். அஞ்சலட்டை அளவில் அச்சிட இரண்டு மெகாபிக்சலே போதும்.

கோயிலில் இக்கருவியைப் பயன்படுத்துவது பற்றி ஒரு சொல். பூந்தமல்லியில் 1936-இல் தொடங்கப்பட்ட திரு இருதயக் குருமடத்தில் பயின்று, எத்தனையோ ஆண்டு உருவாகி ஒருவர் பீடத்துக்கு வருகிறார். அவர் திரு அப்பத்தை உயர்த்தும் நொடியில் பத்துப் பதினைந்து பேர் குறுக்கே ஓடுவதைக் காண்கிறோம். 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் பொதுமக்கள் சந்திப்பு ஒன்றில் இதைக் குறித்து வருந்தினார். இதயங்களை மேலே எழுப்ப வேண்டிய வேளையில் ஆயர்களும் குருக்களும் உட்படப் பலர் கைபேசிகளை எழுப்புகிறார்களே என்றார். புதுநன்மைக் குழந்தையைப் படமெடுக்கவே வேண்டுமாயின் இருந்த இடத்திலிருந்தே, பிளாஷை அணைத்து, ஜூமை நீட்டி, ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு முழந்தாளிடலாம். இச்சிறு காமிராக்களின் பிளாஷ் ஒளி பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் எட்டுவதும் இல்லை. முன்வரிசையினரின் முதுகைத்தான் வெளுப்பாக்கும்.

முகத்தின்மேல் நம் மறைக்கு உள்ள பற்றுப் பழமையானது. சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் வெரோணிக்கா நீட்டிய துணியை நினைத்துக்கொள்கிறோம். புகைப்படக்காரர்களுக்கு அவரே பாதுகாவலி. 1898 மே மாதம் தூரின் நகரில் புனித சவத்துணி மக்கள் காண வைக்கப்பட்டபோது அதை முதன்முதல் படமெடுத்தவர் செக்கொந்தோ பியா. அவர் தொழில்முறைப் படக்காரர் அல்லர். வழக்கறிஞர், ஓய்வு நேரத்தில் படம் எடுப்பவர். இரவில் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, துணியில் மங்கலாயிருந்த முகம் எதிர்ப்படத்தில் தெளிவாக எழக் கண்டு அவர் திகைத்துப்போனார். அத்துணியின் வயதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. 1988-இல் நடந்த கரிமச் சோதனை அதை இடைக்காலத்தது என்றது. நான் சொல்ல வந்தது வேறு: அப்படத்தை உலகுக்குத் தந்தது ஆர்வத்தால் கருவி ஏந்திய ஒருவரின் கை.

இனி, பழைய படங்கள். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இங்கே வந்து குடியேறின. தகரப் பெட்டியோடு வந்த அவர்கள் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நாலைந்துதான் இருக்கும்: தாத்தாவின் திருமணம், ஊர்க்கோயில் கெபி, இறந்துபோன முதல் குழந்தை. அக்பா கிளிக் 3 காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்றிருந்த காலம் அது. எண்ணி எண்ணி எடுத்தார்கள்.

அப்படங்களுக்குத் தண்ணீரே பெரும் பகை. 2015 டிசம்பரில் ஏரிகள் நிரம்பி வழிந்து கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிகளுக்குள் நீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றங்கரையை மூழ்கடித்ததும் அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டையே நீரில் நின்றது. கட்டிலையும் குளிர்பெட்டியையும் மீண்டும் வாங்கலாம். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஆல்பத்தை, காய்ந்தபின் பிய்த்தெடுக்க முயன்று முகங்களை உரித்துவிட்டவர்கள் பலர். அப்படிச் செய்யலாகாது. ஈரம் காயுமுன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, மெல்லப் பிரித்து, படம் மேலே தெரியுமாறு துணியின்மேல் நிழலில் பரப்ப வேண்டும். இரண்டு நாட்களுக்குமேல் தாமதித்தால் பூஞ்சை பிடித்துவிடும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவே வேண்டாம். அப்படியே வைத்து, கண்ணாடியின் வழியாகக் காமிராவால் படி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்குக் காத்திராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலிலேயே இதைச் செய்துவிடலாம். வெயில் நேரே படாத சன்னலருகே பழைய படத்தைச் சுவரில் நிமிர்த்தி வையுங்கள். எதிரே முக்காலியின்மேல் புத்தகங்களை அடுக்கி, காமிராவைப் படத்துக்கு நேராக நிறுத்துங்கள். பிளாஷ் வேண்டா; படத்தின் நடுவே வெள்ளைப் பொட்டு விழும். லென்ஸை முழுவதும் உள்ளே விட்டால் படத்தின் ஓரங்கள் வளையும். முழுவதும் நீட்டினால் அருகிலுள்ளது தெளியாது. சற்றே நீட்டி, சற்றே விலக்கி வைப்பதுதான் நடுவழி. தானே எடுக்கும் இரண்டு வினாடி ஏற்பாட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒருவர் படம் எடுக்க, பெரியவர்கள் யார் எவரென்று சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் இப்படி அமர்ந்தபோது, எனக்குப் பெயரே தெரியாத சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

உறங்கும் காமிராவை எழுப்புவோர் முதலில் மின்கல அறையைத் திறந்து பார்க்கவேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதை மின்னேற்றவே கூடாது. அகற்றிவிட்டு வேறு வாங்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்வதுண்டு. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பவர்களுக்கு அத்தொல்லை குறைவு. கடையில் இன்று கிடைக்கும் பெரிய கொள்ளளவு மெமரி கார்டுகளைப் பழைய காமிரா ஏற்காது. மிகப் பழையதாயின் 2 ஜிபி கார்டு, அதற்குப் பிற்பட்டதாயின் 32 ஜிபி வரை என்பது பொதுக் கணக்கு. இத்தகைய பழைய காமிராக்களை இளைஞர்கள் இப்போது மீண்டும் தேடி வாங்குகிறார்களாம். வேடிக்கைதான்.

பட்டரவாக்கத்து வீட்டிற்கு வருவோம். முப்பதாம் நாள் திருப்பலிக்கு முன்னதாகப் பேரன் பீரோவைத் திறந்து அந்தக் காமிராவை எடுத்தான். மின்கலம் உப்பிக் கிடந்தது; கார்டு மட்டும் பழுதாகவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கணினித் திரையில் வந்தன. அவற்றுள் மூன்றில் ஆயா இருந்தார். ஒன்றில் பாதி முகம் கேக்குக்குப் பின்னால் மறைந்திருந்தது. இன்னொன்று கண்மூடிய நேரம். மூன்றாவதை, விளையாட்டாகக் காமிராவை எடுத்த பேரன்தான் பின்வாசலிலிருந்து ஜூமை நீட்டி எடுத்திருக்கிறான்: பழைய வாயில் சேலை, முழங்கை வரை மாவு, அடுப்பங்கரைப் படியில் அமர்ந்து எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். சற்றுக் கலங்கலான படம்தான்.

அதை இரண்டு படி அச்சிட்டார்கள். கார்டும் கணினியும் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும் என்பதால் அச்சுப்படி ஒன்று அவசியம். இன்னொன்று வேறூரில் உள்ள மகள் வீட்டிற்குப் போயிற்று. பந்துமுனைப் பேனாவால் எழுதினால் மறுபுறம் தடம் விழும், நனைந்தால் மையும் பரவும் என்று மென்மையான பென்சில் ஒன்றைக் கொடுத்தேன். வழவழப்பான தாளில் அதுவும் பதியாததால் பேத்தி உறையின்மேல் எழுதினாள்: "ஆயா, அதிரசம் சுட்டபோது, 2011 கிறிஸ்துமஸ்."