மலையைச் சுற்றி ஒரு மெல்லோட்டம்

நாமக்கல் நகரின் நடுவே ஒரே கல்லாய் எழுந்து நிற்கும் மலையை நேயர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். உச்சியிலே கோட்டை, மேற்கே நரசிம்மருக்கும் கிழக்கே அரங்கநாதருக்கும் கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயில்கள். அருகிலே கமலாலயக் குளமும் பூங்காவும். இம்மலையைச் சுற்றி நாள்தோறும் விடியற்காலையில் ஓடுவது என் வழக்கம். மூச்சிரைக்க விரையும் பந்தய ஓட்டமன்று. ஆங்கிலத்தில் ‘ஜாகிங்’ என்று வழங்கும் மெல்லோட்டம். இவ்வழக்கம் எனக்கு எப்படி வந்தது, அதனால் உடலில் நிகழ்வது யாது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

என் தமையனார் லாரி ஓட்டுநர். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஊரில் அது வியப்பன்று. முப்பது ஆண்டுகள் இருக்கையில் அமர்ந்தே நாட்டின் நெடுஞ்சாலைகளை அளந்தவர் அவர். “காலையில் சற்று நடக்கலாமே, அண்ணா” என்று நான் கூறும்போதெல்லாம், “வண்டிதான் ஓடுகிறதே, தம்பி, நான் வேறு ஓட வேண்டுமா?” என்று நகைப்பார். ஒருநாள் இரவு நெஞ்சுவலியால் துடித்தார். உரிய காலத்தில் மருத்துவமனை சேர்ந்ததால் பிழைத்தார். அன்றுதான் அவருடைய நகைச்சுவைக்கு விடைதேட முற்பட்டேன். வண்டி ஓடினால் மனிதன் ஓடியதாகுமா?

இதே வினாவை இலண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் எழுப்பினார். அந்நகரப் பேருந்துகள் இரண்டு அடுக்குடையவை. ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. ஆயினும் நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாகவும், வந்தாலும் வயது முதிர்ந்த பின்னரே வருவதாகவும் அவர் கண்டார். இம்முடிவு 1953-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாரிஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. பருத்த உடலினரே ஓட்டுநர் வேலையை நாடி வந்திருந்தால், பழியை இருக்கையின் மேல் சுமத்தலாகுமா? எனவே அவர் பணியாளர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளமையிலேயே சற்று மிகுந்திருந்தது என்பதை 1956-இல் தாமே வெளியிட்டார். ஆனால் நடந்து கடிதம் வழங்கும் தபால்காரர்களையும், அமர்ந்து எழுதும் எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதயநோயில் அதே வேறுபாடு தென்பட்டது. பிற்கால ஆய்வுகள் பலவும் உழைக்கும் உடலுக்கே இதயநோய் குறைவு என்பதை உறுதிப்படுத்தின. தம் முடிவுக்கு எதிரான சான்றையும் தாமே தேடுவதன்றோ அறிவியல் நெறி!

இனி உடலுக்குள் நோக்குவோம். ஓய்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, 5 லிட்டர் அளவு குருதியைச் செலுத்துகிறது. கால்களுக்கு இறங்கிய குருதி மீண்டும் மேலேறுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் துணைபுரிகின்றன. அவை சுருங்குந்தோறும் குருதிக்குழாய்களை அழுத்தி மேலே தள்ளுகின்றன. நெடுநேரம் அமர்ந்திருப்பவனுக்கு இந்த இரண்டாம் இதயம் உறங்கிவிடுகிறது. ஓடும்போதோ அது விழித்துக்கொள்கிறது. தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையையும் ஈர்த்துக்கொள்கின்றன. பல மாதப் பழக்கத்தில் இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான குருதியைச் செலுத்தும் ஆற்றல் பெறுகிறது. எனவே ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதுமாகிறது.

இம்மெல்லோட்டத்தைப் பொதுமக்களிடையே பரப்பியவருள் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பெர்க் ஆகியோரின் பயிற்சியாளர் அவர். 1962-இல் அவரைக் காணச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், எழுபது வயது கடந்த, இதயநோயினின்று மீண்ட ஒரு முதியவருடன் ஓடிப் பின்தங்கி நாணினாராம். ஊர் திரும்பியதும் தம் மக்களுக்கும் அதனைக் கற்பித்தார். இச்செய்தியைக் கேட்டபோது என் தமையனார் முதன்முறையாக நகைக்கவில்லை.

மெல்லோட்டத்தின் அளவுகோல் எளியது. ஓடும்போதே அருகில் வருபவருடன் பேச முடிய வேண்டும். முடியாவிடில் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் சிறிது ஓடுதல், சிறிது நடத்தல் என மாறிமாறிச் செய்வது நன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு பெரியோர்க்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சேலம், நாமக்கல் சமவெளியில் கோடை வெயில் கடுமையானது. ஆகவே கதிரவன் ஏறுமுன் முடித்துவிடுவதே அறிவுடைமை.

மலையைச் சுற்றுவதில் தனிப்பயன் உண்டு. மலையை வலமாகச் சுற்றிச் சாலையின் வலவோரம் சென்றால், எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும். வெளியே பிரியும் கிளைச் சாலைகளைக் கடக்கவும் நேராது. மேலும், பாதி வழி வந்தபின் திரும்பினாலும் அதே தொலைவுதான். ஆகவே சோம்பல் தோற்றுப்போகிறது.

2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. ஆனால் பாதை வகுப்பது அரசின் செயல். அதில் கால்வைப்பது நம் செயல்.

என் தமையனார் ஓடுவதில்லை. மருத்துவர் அவருக்கு நடையையே விதித்துள்ளார். நான் இரண்டு சுற்று முடிக்கும்போது அவர் ஒன்றை முடித்துக் குளக்கரையில் காத்திருப்பார். சென்ற வாரம் லாரி ஓட்டும் இளைஞன் ஒருவனை உடன் அழைத்து வந்திருந்தார். “வண்டிதான் ஓடுகிறதே, நான் வேறு நடக்க வேண்டுமா?” என்று அவன் கேட்டான். “நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன், தம்பி, வா, நடந்துகொண்டே சொல்கிறேன்” என்று அவன் தோளில் கைவைத்தார் அவர்.