வெண்பனியும் வெண்தட்டும்

குளிர் என்னும் சொல் நமக்கு என்றும் இனிய சொல்லாகும். நற்செய்தி கேட்டால் உள்ளம் குளிர்ந்தது என்கின்றோம். வருந்தி வந்தவரைக் குளிர்ந்த சொற்களால் ஆற்றுகின்றோம். வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்தோர்க்கு அது இயல்பே. ஆனால் மாதக்கணக்காக வீட்டு வாயிலை மூடிக்கிடக்கும் பனியோடு வாழ்வோர்க்குக் குளிர் ஒரு பகை. அப்பகையையே விளையாட்டுத் தோழனாக்கிக்கொண்ட ஒரு மலைநாட்டைப் பற்றியும், அவ்விளையாட்டுக்காக அங்குள்ள வாவியொன்று கொடுத்துவரும் விலையைப் பற்றியும் இன்று காண்போம்.

மலைமேல் ஒரு வாவி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கே, கலிபோர்ணியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைகளின் நடுவே தாஹோ வாவி அமைந்துள்ளது. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,225 அடி உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியா நகரின் உயரத்திலும் அது சிறிது கூடியதாகும். நீளம் 22 மைல்; அகலம் 12 மைல். மிக ஆழமான இடத்தில் 1,645 அடி ஆழம். 63 ஆறுகளும் ஓடைகளும் இதனுள் வந்து விழுகின்றன. வெளியேறும் வழியோ ஒன்றே: திரக்கி ஆறு. அந்த ஆறும் கடலைச் சேர்வதில்லை. நெவாடாவின் வறண்ட நிலத்திலுள்ள பிரமிட் ஏரியில் முடிந்துவிடுகின்றது.

வாவியினுட் புகுந்த நீர் மீண்டும் வெளியேறச் சராசரி 650 ஆண்டுகள் ஆகும் என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஓடும் ஆற்றில் விழுந்த அழுக்கை வெள்ளம் அடித்துச் செல்லும். இவ்வாவியில் விழுந்தது பல தலைமுறைகளுக்கு அங்கேயே இருக்கும்.

சுற்றிலும் பனி ஆளுயரத்துக்கு மேற் படிந்து கிடக்கும் காலத்திலும் தாஹோ வாவி முழுவதும் உறைவதில்லை. மேலுள்ள நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, கீழுள்ள நீர் மேலே எழுகின்றது. இவ்வளவு ஆழமான நீர்ப்பரப்பை உறையச் செய்யும் அளவுக்கு அங்கே குளிர்காலம் நீடிப்பதில்லை. ஆகவே, வெண்பனி போர்த்த மலைகளின் நடுவே நீலநிறம் மாறாத நீரைக் காணலாம். அந்த நீலமே அவ்விடத்தின் பெரும் புகழ்.

இந்நிலத்தின் பழங்குடியினர் உவாஷோ மக்கள். வாவியைக் குறிக்கும் அவர்களது சொல்லிலிருந்தே தாஹோ என்னும் பெயர் பிறந்தது. கோடையில் அவர்கள் கரையோரம் தங்கி மீன்பிடிப்பர். பனிக்காலம் நெருங்கியதும் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடுவர். பனி ஆளும் மாதங்களில் வாவி தனித்திருந்தது.

தபாற்காரரும் சறுக்குக்கட்டையும்

அப்பனியைக் கடந்து செல்ல முதலில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் விளையாட்டு வீரர் அல்லர், தபாற்காரர். நோர்வே நாட்டிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற ஜோன் தொம்சன் என்பவர், 1856 ஆம் ஆண்டு தொடங்கி 20 குளிர்காலங்கள் சியரா மலைகளைக் கடந்து கடிதங்களைச் சுமந்து சென்றார். பத்தடி நீளமான இரு மரக்கட்டைகளைக் காலிற் பூட்டி, ஒற்றைக் கோலை ஊன்றி, முதுகில் தபாற்பையுடன் ஏறக்குறைய 90 மைல் தூரத்தைச் சில நாட்களிற் கடந்தார். இரவில் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிந்தார். அரசாங்கம் அவருக்குரிய ஊதியத்தைக் கொடுக்கவேயில்லை. கேட்டுக் கேட்டு ஏமாந்தவராகவே 1876 ஆம் ஆண்டிற் காலமானார். இன்று அம்மலைகளிற் பொழுதுபோக்காகச் சறுக்கிச் செல்லும் இலட்சக்கணக்கானோருக்கு அவரே முன்னோடி.

அவர் காலத்திலேயே வாவிக்கு முதற்கேடு வந்தது. 1859 ஆம் ஆண்டில் அருகிலுள்ள நெவாடாக் குன்றுகளில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கங்களைத் தாங்குவதற்கு மரம் வேண்டியிருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் வாவியைச் சூழ்ந்த காடுகளிற் பெரும்பகுதி வெட்டி வீழ்த்தப்பட்டது. இன்று நாம் படங்களிற் காணும் காடு பெரும்பாலும் அதன்பின் முளைத்ததே.

எழுத்தாளர் மார்க் துவெயின் 1861 ஆம் ஆண்டில் இக்கரையில் வந்து தங்கினார். சமையலுக்கு மூட்டிய தீயைக் கவனியாது விட, அது காட்டிற் பரவிப் பெரும் நெருப்பாயிற்று. அந்நிகழ்ச்சியைப் பின்னர் தமது நூலொன்றில் அவரே எழுதியுள்ளார். 1896 ஆம் ஆண்டில் நமது கொழும்பு நகருக்கும் வந்துசென்றவர் அவர். வாவியின் அழகை அவரைப்போற் புகழ்ந்தவர் சிலரே. ஆயினும் அதன் காட்டுக்குத் தீவைத்ததும் அவர் கையே. அன்பு மட்டும் இருந்து அவதானம் இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

உலகம் வந்து கூடிய ஆண்டு

1960 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 முதல் 28 வரை எட்டாவது குளிர்கால ஒலிம்பிக் விழா, வாவிக்கு வடமேற்கே சில மைல் தொலைவிலுள்ள ஒரு பள்ளத்தாக்கில் நடைபெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் தெரிவு செய்யப்பட்டபோது, அங்கே இருந்தவை ஒரு சிறு விடுதியும் மலையேற உதவும் ஒரு தொங்குகதிரை வரிசையும் கயிற்றிழுவைகள் இரண்டுமே. விழா நாளில் 30 நாடுகளிலிருந்து 665 வீரரும் வீராங்கனைகளும் வந்து கூடினர். தொடக்கவிழாவைச் சிறப்புற அமைத்தவர் சித்திரப்பட மேதை வால்ட் டிஸ்னி. தொலைதூரப் பனிநடை ஓட்டங்கள் வாவியின் மேற்குக் கரையருகே நடந்தன. தொலைக்காட்சியில் இவற்றைக் கண்ட மக்கள் தாமும் அப்பனியில் விளையாட விரும்பியது வியப்பன்று.

வீதிகள் அகன்றன, விடுதிகள் எழுந்தன. முன்னர் பனிக்காலத்தில் உறங்கிய ஊர்கள் ஆண்டு முழுவதும் விழித்திருந்தன. ஆற்றுநீரை வடித்து வாவிக்கு அனுப்பிய சதுப்புநிலத்தின் ஒரு பகுதி தோண்டப்பட்டு, வீடுகளும் படகுத்துறைகளும் அமைந்தன. கரைகளில் மகிழ்ச்சி பெருகியது. நீரின் நிலை என்ன என்பதை ஒரு வெண்தட்டுக் கூறியது.

வெண்தட்டின் சாட்சியம்

நீரின் தெளிவை அளக்க எளிய முறையொன்று உண்டு. வெண்ணிறத் தட்டு ஒன்றைக் கயிற்றிற் கட்டிப் படகிலிருந்து இறக்கவேண்டும். அது கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவு. இத்தாலியக் குருவானவரும் வானியல் அறிஞருமான ஆஞ்சலோ செக்கி 1865 ஆம் ஆண்டில் இம்முறையை வகுத்தமையால் அத்தட்டு அவர் பெயரால் வழங்குகின்றது. 1873 ஆம் ஆண்டில் ஜோன் லெகொன்ட் என்னும் பேராசிரியர் தாஹோ வாவியில் ஒரு வெண்தட்டை இறக்கினார். அது 108 அடி ஆழம்வரை தெரிந்தது! 1968 ஆம் ஆண்டில் பேராசிரியர் சார்ள்ஸ் கோல்ட்மன் தொடங்கிய இந்த அளவீட்டைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் பகுதி ஆராய்ச்சியாளர் இடைவிடாது செய்துவருகின்றனர். முதலாண்டின் சராசரி 102 அடி. 1997 ஆம் ஆண்டில் அது 64 அடி. 2017 ஆம் ஆண்டில் 60 அடிக்கும் சற்றுக் குறைவு. 2024 ஆம் ஆண்டில் 62 அடி.

நாற்பது அடித் தெளிவைக் கவர்ந்த கள்வன் யார்? முக்கிய குற்றவாளி வெறும் தூசியே. தலைமயிரின் தடிப்பில் நாலிலொரு பங்குகூட இல்லாத மண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. இவற்றுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை வீதிகளும் கட்டடங்களும் நிறைந்த ஊர்ப்புறங்களிலிருந்தே வருகின்றன. அவற்றோடு சேரும் உரச்சத்துக்கள் பாசியை வளர்த்து மேலும் கேடு செய்கின்றன.

இங்கேதான் பனிவிளையாட்டும் வாவியும் சந்திக்கின்றன. விளையாட வருவோரின் மோட்டார் வண்டிகள் உறைந்த மலைவீதிகளில் வழுக்காதிருக்க மணலும் உப்பும் தூவப்படுகின்றன. உயிரைக் காக்கும் செயல் அது; அதனைக் குறைகூற இயலாது. ஆனால் ஆயிரக்கணக்கான சில்லுகள் ஏறி இறங்க, அம்மணல் மாவாக அரைபடுகின்றது. பனி உருகும்போது அம்மாவு கான்வழியே ஓடி வாவியை அடைகின்றது. சறுக்கி மகிழ்ந்தவர் அப்போது வீடு சென்றிருப்பார். தமது வண்டியும் வாவியைக் கலக்கியது என்பதை அவர் அறியார்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் தெளிந்த நீர் எடுத்து, ஒன்றிற் சிறிது கழுவிய மணலையும் மற்றொன்றில் அதேயளவு வீதிப்புழுதியையும் இட்டுக் கலக்குங்கள். மணல் உடனே அடியிற் படியும், நீர் தெளியும். புழுதி இட்ட குவளையோ மறுநாட் காலையிலும் கலங்கியிருக்கக்கூடும்.

காப்போர் செய்த பணி

வாவியைக் காக்க முயன்றோர் 1957 ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கமாகக் கூடினர். வாவியை நீலமாக வைத்திருங்கள் என்னும் அவர்களது வேண்டுகோள் இன்று வண்டிகளின் பின்புறங்களிலெல்லாம் ஒட்டப்பட்டுள்ளது. ஆனால் அவர்கள் வெறும் சுலோகத்தோடு நின்றாரல்லர். ஊர்க்கழிவுநீர் முழுவதும், சுத்திகரித்த பின்னரும்கூட, வாவியில் விழாது மலைகளுக்கு அப்பாற் குழாய்வழி வெளியேற்றப்படுகின்றது. 1969 ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்து, மத்திய சட்டசபையின் ஒப்புதலோடு, எல்லை கடந்த ஒரே நிருவாகத்தை ஏற்படுத்தின. நீருக்கு மாநில எல்லை தெரியாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1997 ஆம் ஆண்டில் ஜனாதிபதி கிளின்ரன் நேரில் வந்து, வாவியின் எதிர்காலம் பற்றி ஒரு மாநாடு கூட்டினார்.

வீதிப்பணியிலும் மாற்றம் வந்தது. எளிதில் நொறுங்காத, கழுவிய மணல் தெரிவு செய்யப்படுகின்றது. பனி விழுமுன்னரே உப்புநீர் தெளித்தால் மணலின் தேவை குறைகின்றது. புயல் ஓய்ந்ததும் இயந்திரங்கள் வீதியைக் கூட்டி எடுக்கின்றன. கானீர் தேங்கி வடியக் குட்டைகள் வெட்டப்படுகின்றன. சதுப்புநிலத்தின் ஒரு பகுதியும் மீட்கப்பட்டுள்ளது. 2022 ஆம் ஆண்டில், 72 மைல் கரை முழுவதும் நீரில் மூழ்கித் துப்புரவு செய்த சுழியோடிகள் 25,000 இறாத்தலுக்கு மேற்பட்ட குப்பையை வெளியே எடுத்தனர். பனிச்சரிவுகளில் உடைத்துவிட்டுப் போகும் பிளாஸ்ரிக் சறுக்குத்தட்டுக்களைப் பொறுக்குவதும் தொண்டர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை.

பயன் என்ன? ஆண்டுச் சராசரித் தெளிவின் வீழ்ச்சி கடந்த இருபது ஆண்டுகளாக ஓரளவு நின்றுள்ளது. குறிக்கோளான 97 அடியோ இன்னும் எட்டாத் தொலைவில் உள்ளது. இதற்கிடையே உலகம் வெப்பமடைவதால் பனியே குறைந்துவருகின்றது. 1910 ஆம் ஆண்டளவில் அங்கே வீழ்ந்த நீரிற் பாதிக்குச் சற்று மேற்பட்டது பனியாக வந்தது. இன்று மூன்றிலொரு பங்களவே பனி, எஞ்சியது மழை. பனி மெல்ல உருகி மண்ணில் ஊறும். மழையோ பாய்ந்தோடி மண்ணையும் அள்ளிச் செல்லும். விளையாட்டுக்கு வந்த இழப்பே வாவிக்கும் இழப்பாகின்றது.

விளையாட்டைத் தடைசெய்வது இதற்கு மருந்தன்று என்றே நாம் கருதுகின்றோம். பனியில் விளையாடிய குழந்தையே வளர்ந்து அம்மலைக்குக் காவலாக நிற்கும். வண்டிகள் பலவற்றை விடுத்து ஒரு பேருந்திற் செல்வதும், கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவருவதும், அழிந்த சதுப்பை மீட்பதும் மனிதரால் இயலாதவை அல்ல. ஆயினும் 650 ஆண்டுகள் தங்கும் நீர்க்கு ஒரு தலைமுறையின் முயற்சி போதாது. ஆராய்ச்சிப் படகு இன்றும் நடுவாவிக்குச் செல்கின்றது, வெண்தட்டு இறங்குகின்றது, அது மறையும் ஆழத்தை ஒருவர் குறித்துக்கொள்கின்றார். அந்த எண் அடி அடியாக உயரவேண்டும் என்பதே அங்குள்ளோரின் ஆசை. நம் ஊர்க் குளங்களிலும் இவ்வாறு ஒரு தட்டை இறக்கிப் பார்த்தால், அது எத்தனை அடியில் மறையும் என்று நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.