குடம்புளியும் சமையல் மேடைக் கல்லும்

வில்லிங்டன் தீவில் சமையல் மேடைக்குப் பதிக்கும் கல் எதுவும் அந்த மண்ணில் வெட்டியெடுத்ததாக இருக்க முடியாது. கொச்சித் துறைமுகத்துக்காகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் காயலைத் தூர்வாரிக் கொட்டிய சேறும் மணலும்தான் அந்தத் தீவு. கிருஷ்ணகிரி, மதுரை, சாமராஜநகர், மக்ரானா என்று கல் வெளியூர்க் குவாரிகளிலிருந்தே வர வேண்டும்.

கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7; கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. கத்திதான் மழுங்கும். மார்பிளில் இருக்கும் கால்சைட்டின் கடினம் வெறும் 3. கீறலாவது பரவாயில்லை, புளிப்பை அதனால் தாங்கவே முடியாது. கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரியமில வாயுவை வெளிவிட்டுக் கரைந்துபோகும். மீன்கறிக்குக் குடம்புளி ஊறிய கிண்ணத்தின் அடி ஈரமாக இருந்தால், வெள்ளை மார்பிளில் மங்கிய வளையம் விழுந்துவிடும். அங்கே கல்லின் மெருகே அரிபட்டிருப்பதால் சோப்புக்கு மசியாது. மறுபடி பாலிஷ் போட வேண்டியதுதான். தமிழ்நாட்டு வீடுகளில் பழகிய கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்லே. புளிக்கரைசல் சிந்தினால் அதற்கும் இதே கதி.

கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டாலரைட் அல்லது காப்ரோ. படிகங்கள் நெருங்கியிருப்பதால் நீரும் எண்ணெயும் எளிதில் இறங்கா. தென்னிந்தியச் சமையலுக்கு இதைவிடத் தோதான கல் அரிது. மதுரைப் பக்கத்து 'காஷ்மீர் ஒயிட்' பார்வைக்கு அழகு, ஆனால் நுண்துளை அதிகம். அதிலுள்ள கார்னெட்டின் இரும்பு ஈரத்தில் துருவேறி மஞ்சள் புள்ளியாகும். கொச்சியின் மழைக்காலத்தில் சிங்க் ஓரத்துக்கு அதைப் பதிப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

கடையில் துண்டுக்கல் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்க்கும்போது மெருகு மங்கியிருந்தால் அந்தக் கல்லில் கால்சைட் உண்டு. தண்ணீர்ச் சொட்டு விட்ட இடம் சில நிமிடங்களில் கறுத்தால் சீலர் பூசுவது அவசியம். சீலர் நுண்துளைகளில் நீர் புகாமல் காக்கும். மார்பிளைப் புளிப்பிலிருந்து காக்காது. தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும்.

அன்றாடம் பாத்திரச் சோப்பு கரைத்த நீரும் உலர்ந்த துணியும் போதும். கழிவறை ஆசிட் கிரானைட்டுக்கும் ஆகாது. அதன் இரும்புக் கனிமங்களைத் தாக்கித் துருக்கறை உண்டாக்கும். தேங்காயெண்ணெய் இறங்கிய இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி, பிறகு காயவிட்டால் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் கறைக்கு அவ்வளவு பாடில்லை. அதன் நிறமியான குர்குமின் வெயிலில் சிதைவதால் ஜன்னலோரத்தில் தானே வெளிறும்.

செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் தூள், மிச்சம் பிசின். கறை இறங்காது, சூடான வாணலியை வைத்தால் பிசின் கருகும். அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தடைசெய்துவிட்டது. கிரானைட் தூளிலும் சிலிக்கா உண்டு. சிங்க்குக்குத் துளை போடும்போது தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும். அறுப்பவருக்கு மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது, நுண்தூளை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.