வெண்பனி காண எங்கே செல்வது?

நுவரெலியாவில் ஜனவரி மாதத்து அதிகாலைகளிற் புல்லின்மேற் படியும் உறைபனியைக் கண்டே வியந்து நிற்பவர் நாம். முழங்காலளவு வெண்பனியிற் பிள்ளைகள் விளையாடுவதைக் காணும் ஆவல் நமக்கு எழுவது இயற்கையே. பல்லாண்டு சேமித்த பணத்தைக் கொண்டு குடும்பத்தோடு ஒரேயொரு முறை செல்லும் பயணமெனில், இடத்தைத் தெரிவதில் தவறு நேர்ந்துவிடலாகாது.

நம்மவர் முதலிற் கேட்பது, "அங்கே குளிர் எவ்வளவு?" என்பதே. அதற்கு முன்னர், "பகல் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டறிதல் வேண்டும். குளிரைக் கம்பளி தடுக்கும். இருளுக்கு அத்தகைய பரிகாரம் இல்லை.

நோர்வேயின் துரொம்சோ நகரம் ஏறக்குறைய 70 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆயினும், கடலின் வெப்ப நீரோட்டத்தால் அங்கே ஜனவரியிற் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 4 பாகையளவே. இதைக் கேட்டு மகிழ்ந்து டிசம்பர் விடுமுறைக்குப் பிரயாணச் சீட்டு வாங்குவோர் ஏமாறுவர். நவம்பர் பிற்பகுதி தொடக்கம் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதேயில்லை. நண்பகலை ஒட்டிச் சிலமணி நேரம் நீலநிற மங்கலொளி தோன்றி மறையும். பன்னிரண்டு மணி நேரப் பகலில் வளர்ந்த நம் சிறுவர், மூன்றாம் நாளே வீடு திரும்பலாமா என்று கேட்கத் தொடங்குவர். மார்ச் மாதத்திற் சென்றாலோ பகலும் இரவும் ஏறத்தாழச் சமம், வெண்பனியும் குறையாது, மேகமற்ற இரவுகளில் வடதுருவ ஒளியையும் காணலாம்.

குளிர்காலமே வேண்டாம் என்போருக்குச் சுவிற்சர்லாந்தின் யுங்பிறாவ் மலைக் கணவாய் உண்டு. 1912ஆம் ஆண்டு முதல் அங்கே புகையிரதம் ஏறிச் செல்கிறது. ஆகஸ்ட் விடுமுறையிலும் அங்கு பனி கிடக்கும். ஆனால் உயரம் 11,332 அடி; நமது பிதுருதலாகலையிலும் மூவாயிரம் அடி கூடுதல். இருதய நோயுள்ள முதியோர் வைத்தியரைக் கேளாமற் செல்லலாகாது.

வீதியிலும் கூரையிலும் வெண்பனி குவிந்த ஊரொன்றிலே வாழ்ந்து பார்க்க வேண்டுமாயின், என் தெரிவு யப்பானின் சப்போறோ நகரமே. சைபீரியக் காற்று யப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து, ஒரு குளிர்காலத்தில் ஏறக்குறைய 16 அடி வெண்பனியைப் பொழிகிறது. பகலோ டிசம்பரிலும் 9 மணி நேரம் உண்டு. 1950ஆம் ஆண்டிலே மாணவர் சிலர் ஒடோரிப் பூங்காவில் ஆறு பனிச் சிலைகளைச் செய்தனர். அதுவே பெப்ரவரி மாதப் பெருவிழாவாக வளர்ந்தது. விழா நாட்களில் விடுதி கிடைப்பது அரிது. முன்னரே ஒழுங்கு செய்க.

சைவ உணவினர் ஒன்று கவனிக்க: அங்கே மரக்கறி என்று தருவதிலும் மீன்சாறு கலந்திருக்கும். விசாரித்தே உண்க. வழுக்காதிருக்கச் சப்பாத்தின் அடியிற் பூட்டும் முள்வார்களை அவ்வூர்க் கடைகளிலேயே வாங்கலாம். இங்கிருந்து சுமந்து செல்லத் தேவையில்லை.